ஹீட்டர் வேண்டாத ஊரில் ஹீட்டர் ஹோஸ்

மார்கழி விடியற்காலையில்கூட அம்பத்தூரில் யாரும் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் நம்மிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களின் எஞ்சின்கள் குளிர்நாட்டில் பிறந்தவை. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி வரைந்தது. வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் எஞ்சினும் அந்த நாட்டுச் சரக்குதான். பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 வழி வந்தது. இந்த மாதிரி எஞ்சின்களில், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால் விறைக்காமல் இருக்க, ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீரிலிருந்து ஒரு சின்னக் கிளை பிரித்துக் கொடுக்க வழி வைத்திருப்பார்கள். சென்னைக்கு வந்த பிறகும் அந்தக் கிளை போகவில்லை. சில வண்டிகளில் முழுசாக இருக்கிறது. பல வண்டிகளில் ஹீட்டரைக் கழற்றிவிட்டு, வாயை எதையோ வைத்து அடைத்திருப்பார்கள்.

வண்டிக்காரரிடம் ரேடியேட்டர் ஹோஸ் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் யோசித்தாவது சொல்வார். ஹீட்டர் ஹோஸ் என்றால், "என் வண்டியில ஹீட்டரே கிடையாதே சார்" என்பார். ஹீட்டர் இருக்காதுதான். அதற்கான வாய் எஞ்சினில் இருக்கும். அதை ஒரு ரப்பர் துண்டும் ஒரு கிளிப்பும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ரப்பர் எத்தனை வருடப் பழசு என்று யாருக்கும் தெரியாது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் புதுசாக இருக்கும் வண்டி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது என்றால், நான் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தப் பின்மூலையைத்தான்.

பின்மூலை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த எஞ்சின்களில் தண்ணீர், ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பாடி (வாட்டர் பம்ப்) வழியாக பிளாக்குக்குள் போய், ஹெட்டுக்கு ஏறி, முன்பக்கத் தெர்மோஸ்டாட் வழியாக மறுபடி ரேடியேட்டருக்குத் திரும்புகிறது. ஹீட்டருக்கான கிளையைப் பெரும்பாலும் ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். பிஎம்சி எஞ்சின்களில் அங்கே இரண்டு ஸ்டட்டில் ஒரு சின்ன ஹீட்டர் டேப் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு ஹோஸ் ஃபயர்வால் வழியாக உள்ளே இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போகும். திரும்பி வரும் தண்ணீர் ஓர் இரும்புக் குழாய் வழியாக எஞ்சினின் முழு நீளமும் ஓடி, வாட்டர் பாடியின் உறிஞ்சும் பக்கத்தில் சேரும். ஆக, மூன்று நான்கு இணைப்புகள். அவற்றில் பாதி, எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே கை நுழைந்தால் விரல் மடங்காத சந்தில் இருக்கின்றன.

இதில் ஹெரால்டு ஒரு விதிவிலக்கு. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மோரிஸ் மைனரில் நேர்மாறான ஒரு கொடுமை உண்டு. அதன் ஏ-சீரிஸ் எஞ்சினில், ஹெட்டின் முன்பக்க அடியிலிருந்து வாட்டர் பாடிக்கு இரண்டு அங்குல நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ். நேரான ரப்பர் துண்டு போடவேண்டுமானால் வாட்டர் பாடியையோ ஹெட்டையோ இறக்க வேண்டும். அதனால்தான் பின்னாளில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் ஹோஸ் வந்தது. சுருக்கிச் சொருகி, விட்டால் விரிந்து இரண்டு பக்கமும் உட்காரும். அந்த மடிப்பு ரப்பரின் சுவர் மெல்லியது, ஆயுசும் குறைவு. எப்போதாவது வாட்டர் பாடி கழற்றுகிற சாக்கு கிடைத்தால், அதே நாளில் தடிமனான நேர் ஹோஸை மாட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800-களையும் இப்போது பழைய கார் பட்டியலில் ஆசையாகச் சேர்க்கிறார்கள். அதில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. ஹீட்டர் ஹோஸ்கள் எஞ்சினின் முதுகுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில். மேலிருந்து பார்த்தால் ஏர் ஃபில்டர் மறைக்கும், கீழிருந்து பார்த்தால் கியர் பாக்ஸ் மறைக்கும்.

இப்படி ஒளிந்திருக்கும் இடத்தில் கசிவு எப்படித் தெரியும்? முதல் அடையாளம், கிளிப்பின் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படியும் பொருக்கு. கூலன்ட் சொட்டுச் சொட்டாக வெளியே வந்து, சூட்டில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுப்போகிறது. காலையில் எடுக்கும்போது சொட்டும், ஓட ஆரம்பித்ததும் நின்றுவிடும் என்றால் அது குளிர்க் கசிவு. கிளிப்பின் இறுக்கத்தில் வருடக்கணக்காக நசுங்கிய ரப்பர் தன் துள்ளலை இழந்து அதே வடிவில் உறைந்துவிடும்; எஞ்சின் ஆறி உலோகம் சுருங்கும்போது, ரப்பர் கூடவே சுருங்கிப் பிடிப்பதில்லை. கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் கொஞ்ச நாள் நிற்கும். அது ஹோஸ் மாற்றும் வரைக்கான அவகாசம், அவ்வளவுதான்.

இரண்டாவது அடையாளம் காருக்குள் வரும். முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் பாய் ஈரமாக இருந்தால், நம் ஊரில் எல்லாரும் ஏசி தண்ணீர் என்றே நினைப்பார்கள். ஏசி தண்ணீருக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கூலன்ட் விரலில் தொட்டால் வழவழக்கும், ஒருவித இனிப்பு வாடை வரும், முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் புகை படிந்த மாதிரி மங்கும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் குட்டி ரேடியேட்டரோ அதன் இணைப்போ ஒழுகுகிறது. அந்தக் கூலன்டை நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். நாய் பூனை நக்கும்படியும் தரையில் விடக் கூடாது.

மூன்றாவது, ஏமாற்றும் அடையாளம். ஹெட்டின் பின்னால் ஒழுகும் தண்ணீர் பெல் ஹவுசிங் மேல் வழிந்து கீழே சொட்டும். அங்கே ஏற்கெனவே எண்ணெய்ப் பசை இருக்கும் என்பதால், பின் ஆயில் சீல் போய்விட்டது என்று கியர் பாக்ஸை இறக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. முதலில் ஒரு டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஹீட்டர் டேப்பின் அடியைப் பாருங்கள். இப்போது போனில் சொருகும் வயர் கேமராக்களும் கிடைக்கின்றன. கை போகாத இடத்துக்கு அவை போகும்.

இவ்வளவு சின்ன ஹோஸுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். ரேடியேட்டர் மூடிதான் இதற்குப் பதில். பிரஷர் குக்கரில் வெயிட் போடுகிற அதே கணக்கு: மூடி 7 பிஎஸ்ஐ அழுத்தம் பிடித்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 111 வரை தாங்கும், 13 பிஎஸ்ஐ மூடியில் 118-ஐத் தாண்டும். பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுக்க ஆரம்பித்தபோது அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. பார்க்கச் சாதாரண மூடி, ஆனால் முழு அமைப்பின் அழுத்தமும் அதன் ஸ்பிரிங்கில் நிற்கிறது. அந்த அழுத்தம் பெரிய ஹோஸ், சின்ன ஹோஸ் என்று பார்ப்பதில்லை. பின்மூலையில் அரை அங்குல ஹோஸ் வெடித்தாலும் அழுத்தம் போய்விடும். 105 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் அந்த நொடியே ஆவியாகிப் பீய்ச்சும். அதனால்தான் பழைய வண்டிக்கு "நல்லா இருக்கட்டுமே" என்று பெரிய பிஎஸ்ஐ மூடி மாட்டக் கூடாது. 7 கேட்கும் அமைப்பில் 13 போட்டால், இவ்வளவு நாள் தாங்கிய பழைய ஹீட்டர் இணைப்புதான் முதலில் கைவிரிக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெம்பரேச்சர் முள் மேலே ஏறி, பிறகு தானாகக் கீழே இறங்கினால் நிம்மதிப்படாதீர்கள். தண்ணீர் முழுவதும் போய் சென்சார் வெறும் காற்றில் நின்றால் முள் அப்படித்தான் இறங்கும். வண்டியை உடனே ஓரம் கட்டுங்கள். அம்பாசடரின் வார்ப்பிரும்பு ஹெட் கொஞ்சம் பொறுக்கும். அலுமினிய ஹெட் உள்ள பத்மினியும் மாருதியும் பொறுக்காது, வளைந்துவிடும்.

சரி, ஹீட்டரை வைத்துக்கொள்வதா, அடைத்துவிடுவதா? சென்னையில் மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தை, "நமக்கு எதுக்குங்க ஹீட்டரு, அடைச்சிடலாம்" என்பதுதான். தப்பில்லை. அடைக்கிற விதத்தில்தான் விஷயம். நான் அதிகம் பார்த்தது இது: ஹீட்டர் டேப்பில் மூன்று விரல் நீளத்துக்குப் பழைய ஹோஸை விட்டுவிட்டு, அதன் மறுமுனையில் ஒரு போல்ட்டைச் சொருகி, கிளிப் போட்டு முறுக்கியிருப்பார்கள். போல்ட்டின் மரை ரப்பரை உள்ளிருந்து அறுக்கும். போல்ட் துருப்பிடித்து ஊதும். அந்த முட்டுச்சந்துத் துண்டுக்குள் தண்ணீர் ஓடாது. சூடு மட்டும் ஏறும், சேறு தங்கும். மேலே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும். ஒருநாள் அந்த போல்ட் துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பும்.

அடைப்பதென்றால் உலோகத்தில் அடையுங்கள். ஸ்டட்டில் உட்காரும் ஹீட்டர் டேப்பைக் கழற்றிவிட்டு, அதே துளை அளவுக்கு ஒரு பித்தளைத் தகடும் ஒரு பேக்கிங்கும் போதும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இருக்கிற லேத் கடைகளில் பழைய டேப்பை மாதிரிக்குக் கொடுத்தால் செய்துவிடுவார்கள்; மரை போட்ட பிளக் வேண்டுமானாலும் கடைந்து தருவார்கள். மரை வகையை மட்டும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் பைப் மரையில் மில்லிமீட்டர் மரையைக் கட்டாயப்படுத்தி ஏற்றினால் போவது ஹெட்டின் துளை. தகட்டில் அடைத்தால் மறுமுனையையும், அதாவது வாட்டர் பாடியில் சேரும் வாயையும், அதேபோல அடைக்க மறக்கக் கூடாது.

எல்லா எஞ்சினிலும் அடைக்க முடியாது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றிவர ஹீட்டர் வழிதான் பைபாஸ். அதை அடைத்தால் ஹெட்டின் பின்பக்கம் தேங்கிய தண்ணீர் அங்கே மட்டும் கொதிக்கும். உங்கள் எஞ்சின் எந்த வகை என்று ஒர்க்‌ஷாப் மேனுவலில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அடைக்காமல், போகிற வாயையும் வருகிற வாயையும் ஒரே ஹோஸால் இணைத்து ஒரு யு வளைவாக விட்டுவிடுவது பாதுகாப்பு.

என்னைக் கேட்டால், ஹீட்டர் முழுசாக இருக்கும் வண்டியில் அதைக் கழற்ற வேண்டாம் என்பேன். பாடி மேம்பாலத்தின் அடியில் நெரிசலில் முள் ஏறும்போது, ஹீட்டரைத் திறந்து ஃபேனைப் போட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக்கொட்டும், ஹெட் பிழைக்கும்.

இனி, கை நுழையாத இடத்தில் ஹோஸ் மாற்றும் வேலை. சந்தில் கையை விட்டுப் போராடும் நேரத்தில் பாதியைச் சந்தை அகலமாக்கச் செலவழித்தால் வேலை முடிந்துவிடும். ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடி குறுக்கே இருந்தால் வயரில் அடையாளம் போட்டு எடுத்து ஓரமாக வையுங்கள். காயில், வாஷர் டப்பா எது மறைத்தாலும் சரி. பின்னாளில் ஏசி பொருத்திய அம்பாசடர்களில் ஏசி குழாய்கள் வழியை மறிக்கும். அவற்றின் நட்டைத் தொடாமல், பிடித்திருக்கும் பிராக்கெட்டை மட்டும் தளர்த்தினால் ஓர் அங்குலம் நகரும். அந்த ஓர் அங்குலம் போதும்.

எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடி டேப்பில் தண்ணீரை வடித்த பிறகே ஹோஸில் கை வைக்கவேண்டும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பின்மூலையில் ஸ்டார்ட்டர் வயர்கள் இருக்கும் வண்டிகள் உண்டு.

பழைய ஹோஸை எடுப்பதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. பிளையரால் பிடித்துத் திருகி இழுப்பார்கள். எஞ்சின் பக்கத்து வார்ப்பிரும்பு முனை தாங்கும். ஃபயர்வால் பக்கத்தில் இருப்பதோ குட்டி ரேடியேட்டரின் செம்பு அல்லது பித்தளைக் குழாய், ஈயம் வைத்துப் பற்றவைத்தது. ஒரு திருகலில் உள்ளே விரிசல் விடும். ஐந்து நிமிட வேலை, டாஷ்போர்டை இறக்குகிற வேலையாகும். அந்த ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. கிளிப்பைக் கழற்றிவிட்டு, பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல் போடுங்கள். குழாயில் கோடு விழாமல் ரப்பரின் முக்கால் ஆழத்துக்குக் கீறி, மீதியை விரலால் பிரித்தால் வாழைப்பழத் தோல் மாதிரி வந்துவிடும்.

குழாய் முனை வெளியே வந்ததும் அதை நன்றாகப் பாருங்கள். புது ஹோஸ் போட்டும் கசிகிறது என்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இங்கேதான். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து போர் தண்ணீரை வருடக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றிய வண்டியில், இரும்பு முனை அம்மைத் தழும்பு விழுந்து கிடக்கும். பழைய ரப்பரின் தோலும் உப்பும் ஒட்டியிருக்கும். மெல்லிய உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து, முனையைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் மாற்றி மாற்றி இழுத்தால் கை போகாத பின்பக்கமும் சுத்தமாகும். தழும்பு ஆழமாக இருந்தால் அந்தக் குழாயை மாற்றவேண்டும். கோந்தும் எம்-சீலும் தடவி ஒப்பேற்றுவது, அடுத்த முறை கழற்றுபவருக்குச் செய்கிற துரோகம்.

ஹோஸ் வாங்கும்போது உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் அரை அங்குலம் (12.7 மில்லிமீட்டர்) அல்லது 5/8 அங்குலம் (15.9). கடையில் 13, 16 என்று மில்லிமீட்டரில் கிடைப்பவை இவற்றுக்குச் சரியாகப் பொருந்தும். பெரிய அளவை வாங்கிக் கிளிப்பால் சுருக்கலாம் என்று நினைத்தால் ரப்பர் ஓர் இடத்தில் மடங்கி, அந்த மடிப்பு வழியே ஒழுகும். ஹோஸின் வெட்டு முகத்தைப் பாருங்கள்: நடுவில் நூல் பின்னல் தெரிய வேண்டும். மேலே எஸ்ஏஇ ஜே20 என்று அச்சிட்டிருந்தால் அது கூலன்டுக்காகச் செய்த ஹோஸ். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்ரோல் ஹோஸையோ, கேஸ் டியூபையோ, தோட்டத்துக் குழாயையோ மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் டியூப் வெந்நீரில் இளகி, அழுத்தத்தில் பலூனாகும்.

நல்ல ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். வெந்நீருக்கு அசராது. எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். ஆகவே வழுக்கிக்கொண்டு ஏறட்டும் என்று கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும். கூலன்டே கொஞ்சம் தடவினாலும் வழுக்கும். முனையைச் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் ஊறப்போட்டுவிட்டு மாட்டினால் இன்னும் சுலபம். ஈபிடிஎம் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து வெடிக்கும் வியாதியும் உண்டு: எஞ்சின் உலோகத்துக்கும் கூலன்டுக்கும் இடையே ஓடும் நுண்ணிய மின்சாரம், முனையை ஒட்டிய பகுதியில் உள்சுவரில் கீறல் விழவைக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விரலால் அமுக்கிப் பாருங்கள். நடுப்பகுதியைவிட முனை மிருதுவாகவும் பள்ளமாகவும் அமுங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கிளிப் விஷயத்துக்கு வருவோம். நாம் ஸ்குரூ டிரைவரால் முறுக்கும் பல் வைத்த கிளிப், லம்லி ராபின்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1921-இல் காப்புரிமை வாங்கியது. ஜூபிலி கிளிப் என்ற பெயரும் அவர் வைத்த பிராண்டுதான். நூறு வருடமாக அதன் குறை ஒன்றுதான்: ஸ்குரூ எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் உங்கள் கை போக வேண்டும். அதனால் கிளிப்பை ஹோஸில் கோர்க்கும்போதே, மாட்டி முடிந்த நிலையில் ஸ்குரூவின் தலை எந்தத் திசையில் இருந்தால் டிரைவர் நேராகப் போகும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வெறும் ஹோஸை ஒருமுறை இடத்தில் வைத்துப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பெரும்பாலான கிளிப்களின் ஸ்குரூத் தலை அறுகோணமாகவும் இருக்கும், 7 அல்லது 8 மில்லிமீட்டர். நெளியும் தண்டு வைத்த டிரைவரில் அந்த அளவு சாக்கெட்டை மாட்டினால், வளைந்து போய் இறுக்கலாம்; வெட்டுப் பள்ளத்தில் டிரைவர் வழுக்கி ரேடியேட்டரைக் குத்துகிற ஆபத்தும் இல்லை. கிளிப்பின் அளவு ஹோஸின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தவேண்டும். பெரிய கிளிப்பை வாங்கினால் வால் நீண்டு வயரைக் கீறும். முழு வட்டமாகவும் இறுகாது.

சந்து வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய சூட்சுமம் இதுதான்: கை போகாத முனையை வண்டியில் மாட்டாதீர்கள், மேசையில் மாட்டுங்கள். ஹீட்டர் டேப்பின் இரண்டு நட்டைக் கழற்றி டேப்பை வெளியே எடுங்கள். மேசையில் வைத்து அதில் ஹோஸை ஏற்றி, கிளிப்பை நிதானமாக இறுக்குங்கள். பிறகு ஹோஸோடு சேர்த்து டேப்பைப் புதுப் பேக்கிங் போட்டு ஹெட்டில் உட்காரவைத்து நட்டை முடுக்குங்கள். கிளிப்பைவிட நட்டுக்கு ஸ்பானர் போவது சுலபம். எஞ்சின் நீளத்துக்கு ஓடும் இரும்புக் குழாய்க்கும் இதே வழி. அதன் பிராக்கெட் போல்ட்டைக் கழற்றினால் குழாய் கையோடு வரும். கடைசியில் மிச்சம் இருக்கும் ஒரே இணைப்பு, கை போகிற இடத்தில் இருக்கும்படி வரிசையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஹோஸை வெட்டும்போது ஹாக்ஸா வேண்டாம், பிசிறு உள்ளே போகும். கூரான பிளேடால் நேர்க்குத்தாக வெட்டுங்கள். நீளம் ஒட்டுக்கு இருக்கக் கூடாது. எஞ்சின் தன் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், ஃபயர்வால் ஆடாது. கொஞ்சம் தளர்வு விடாவிட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இணைப்பு இழுபடும். வளைவு ரொம்பக் குறுகலாக இருந்தால் நேர் ஹோஸ் நடுவில் நசுங்கி வழியை அடைத்துவிடும். அங்கே வார்த்தெடுத்த எல் வளைவு ஹோஸ் வாங்குங்கள், அல்லது ஹோஸுக்கு மேலே சுருள் கம்பி போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி எந்த ஹோஸும் போகக் கூடாது.

ஏற்றும்போது ஹோஸ் முனையில் குறைந்தது ஓர் அங்குலம் உள்ளே போகவேண்டும். குழாய் முனையில் ஒரு மேடான வளையம் இருக்கும். கிளிப் உட்கார வேண்டிய இடம் அந்த வளையத்தைத் தாண்டி குழாயின் அடிப்பக்கமாக, ஹோஸின் வாயிலிருந்து ஒரு நூல் தள்ளி. வளையத்தின் மேலேயே கிளிப் உட்கார்ந்தால் ரப்பரை அது வெட்டும். வளையத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் அழுத்தம் வந்ததும் ஹோஸ் கழன்றுகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இதை விரல் நுனியால்தான் தடவிப் பார்க்கவேண்டும். எவ்வளவு இறுக்குவது? கிளிப்பின் பட்டைக்கு அடியில் ரப்பர் லேசாகப் பள்ளமாகி, பட்டையின் ஓரத்தோடு சமமாக வரும்வரை. பட்டையின் ஓட்டைகள் வழியே ரப்பர் பிதுங்கினால் அதிகம். "நல்லா டைட் வைப்பா" என்று சொல்லி ஆளை நிற்கவைத்து முறுக்கவைப்பதால் ஹோஸின் ஆயுசுதான் குறையும்.

தண்ணீர் நிரப்பும்போது ஹீட்டர் டேப்பைத் திறந்து வையுங்கள். ஹீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று அங்கேதான் மாட்டிக்கொள்ளும். முடிந்தால் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ரேடியேட்டர் வாய் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி செய்யுங்கள். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி வரும். ஊற்றுவது போர் தண்ணீராக இருக்க வேண்டாம். பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டரில், டப்பாவில் எழுதியிருக்கும் விகிதத்தில் கூலன்ட் கலந்தால் போதும். நம் ஊரில் தண்ணீர் உறையாது என்பதற்காகக் கூலன்டைத் தவிர்ப்பவர்கள், அதில் இருக்கும் துருத் தடுப்பு மருந்தையும் சேர்த்துத்தான் தவிர்க்கிறார்கள்.

மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை பாருங்கள். மட்டம் சட்டென்று இறங்கினால் காற்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம். மீதியை ஊற்றி மூடுங்கள். ஹீட்டருக்குப் போகிற ஹோஸும் வருகிற ஹோஸும் இரண்டுமே சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று ஆறல் என்றால் உள்ளே காற்றோ அடைப்போ இருக்கிறது.

பிறகு பூந்தமல்லி வரை ஓட்டிவிட்டு வந்து, வண்டி முழுசாக ஆறியபின், அடுத்த நாள் காலையில் ஒவ்வொரு கிளிப்பையும் தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். கால் சுற்றோ அரைச் சுற்றோ பிடிக்கும். அதே டார்ச்சையும் கண்ணாடியையும் வைத்து பின்மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு, மிச்சமான ஒரு முழ ஹோஸையும் இரண்டு கிளிப்பையும் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.